இடமிருந்து மூன்றாவது

சந்திரகலா வகுப்பு வாசலில் வந்து நின்றபோது ஜோவிதா டீச்சர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். வேலை பார்க்கும் தட்டாஞ்சாவடி கம்பெனியின் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள் சந்திரகலா. மகள் கார்குழலி பரிசு வாங்கிய சந்தோஷத்தில் ஓடி வந்திருக்கிறாள் என்றுதான் டீச்சர் நினைத்தாள். நினைப்புக்கு என்ன, அது பாட்டுக்கு நினைக்கும்.

"டீச்சர், பேஸ்புக்ல போட்ட போட்டோவ எடுத்துடுங்க."

"ஏங்க? பாப்பா அதுல எவ்ளோ அழகா இருக்குது!"

"அழகாத்தான் இருக்குது. அவங்கப்பா கண்ணுல பட்டா? அடி தாங்க முடியாம இவள இட்டுக்கினு வந்து ஏழு மாசம் ஆவுது. நாங்க எந்த ஊர்ல இருக்கறோம்னு அந்தாளுக்குத் தெரியாது டீச்சர்."

"சேசுவே!" என்று போனை எடுத்தாள் ஜோவிதா. படத்தில் கார்குழலி பல் தெரியச் சிரித்துக்கொண்டு பரிசு வாங்கிய சார்ட்டைப் பிடித்திருந்தாள். அதில் அவளுடைய குண்டுக் கையெழுத்து: 'உன் பெயர், பள்ளி, ஊர் எதையும் இணையத்தில் சொல்லாதே.' ஜோவிதா நடத்திய பாடம்தான். படத்துக்கு மேலே ஜோவிதாவே எழுதியிருந்தாள், பெண்ணின் பெயர், பள்ளியின் பெயர், கருவடிக்குப்பம், புதுச்சேரி, ஒன்று விடாமல். ஊருக்குத்தான் உபதேசம்.

உடனே அழித்தாள். அதை எடுத்து ஸ்டேட்டஸில் வைத்திருந்த மூன்று டீச்சர்களையும் கூப்பிட்டு எடுக்கச் சொன்னாள். ஆனால் ஒரு ராத்திரி முழுக்க அது அங்கே இருந்திருக்கிறது. யார் யார் பார்த்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

"தப்பு என்னோடதுங்க. உங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

சந்திரகலா திட்டுவாள் என்று பார்த்தால், "சாப்புடுங்க டீச்சர், ஆறிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

அம்மாவைத் தவிர யாரோடும் கார்குழலியை அனுப்பக் கூடாது என்று ஆபீசில் எழுதிக் கொடுத்தாள் ஜோவிதா. தினமும் பள்ளி விட்டதும் கேட்டில் அவளோடு நின்றாள். பைக்கில் யாராவது வேகத்தைக் குறைத்தாலே பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் கார்குழலி கேட்டாள்.

"மிஸ், என் போட்டோவ மட்டும் ஏன் எடுத்துட்டீங்க? நான் நல்லால்லியா?"

ஜோவிதா அவள் பின்னலைச் சரிசெய்தாள். அவள் அப்பாவைப் பற்றி அவளிடமே எப்படிப் பேசுவது?

மறுநாள் சார்ட் எழுதிய எட்டுப் பிள்ளைகளைச் சுவரோரமாக வரிசையில் நிறுத்தினாள். "சார்ட்டால மூஞ்சிய மறைச்சிக்குங்க. உங்க வீட்ல யாரு யாருன்னு கண்டுபுடிக்கட்டும்." சார்ட்டுகளுக்குப் பின்னால் ஒரே சிரிப்பு. படத்தில் எட்டு சார்ட்டும் பதினாறு கால்களும்தான் விழுந்தன.

சாயங்காலம் கேட்டில் சந்திரகலாவிடம் போனை நீட்டினாள்.

"நீங்க சரின்னாத்தான் பேரன்ட்ஸ் குரூப்ல போடுவேன். பேரு எதுவும் இருக்காது. உங்க பொண்ணு எதுன்னு சொல்லுங்க பாப்போம்."

சந்திரகலா யோசிக்கவே இல்லை. இடமிருந்து மூன்றாவது சார்ட்டில் விரலை வைத்தாள்.

"எப்பிடிம்மா கண்டுபுடிச்ச?" கார்குழலி குதித்தாள்.

சந்திரகலா குனிந்து, காலையில் அறுந்த மகளின் செருப்பு வாரில் தான் குத்திவிட்டிருந்த ஊக்கைப் பார்த்தாள். திறந்திருந்தது. அழுத்தி மூடினாள்.

"போடுங்க டீச்சர்" என்றாள்.

பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, தெருவின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு நடந்தாள். கார்குழலி ஒவ்வொரு அடிக்கும் குதித்தாள், ஊக்கு வெயிலில் மின்னி மின்னி மறைந்தது.