முதல் விலைக்கு ஓம் சொன்ன ரக்பிக்காரி

1

இந்தக் கதை லண்டன் ஆர்ச்வே முருகன் கோயிலில், புக்கை என்று நாங்கள் சொல்லும் பிரசாதப் பொங்கல் வாங்க நின்ற வரிசையில் எனக்குக் கிடைத்தது. முன்னால் நின்றவர் பக்கத்தில் நின்றவரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பிள்ளைக்கு மண்டையில ஏதோ பிழை, அண்ணை. மீன்காரன் சொன்ன முதல் விலைக்கே ஓம் எண்டு போட்டு வந்திட்டாள்."

நான் சிரித்துவிட்டேன். பேரம் பேசுகிறவர்கள் நடுவில் வளர்ந்தவனுக்கு வேறு என்ன வரும்? எங்கள் ஆட்களில் காய்ச்சலில் நடுங்குகிறவன்கூட மருந்துக்கடையில் கடைசி விலை என்னவென்று கேட்டுவிட்டுத்தான் மாத்திரையை விழுங்குவான்.

அவர் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. "அவள் ரக்பி விளையாடுறவள், தம்பி," என்றார். "அதுதான் அவளுக்கு வேலை."

சிரிப்பு பாதியில் நின்றது. எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். பெயர், குடும்பம், கழகம் எல்லாம் நான் வைத்தவை. [வரிசையும் நீ வைத்ததுதான் என்று யாராவது வாதாடினால் நான் எதிர்வாதம் செய்யப்போவதில்லை. புக்கை ருசியாக இருந்தது.]

2

முதல் தொடக்கம்: மழை கொட்டிக்கொண்டிருந்தது. சேற்றில் முகம் புதைந்து கிடந்த கம்சிகா மெல்லக் கண்ணைத் திறந்து—

விட்டுவிட்டேன். இங்கிலாந்தில் எந்த ரக்பிக் கதைக்கும் மழை இலவசமாகக் கிடைக்கிறது. இலவசமாகக் கிடைப்பதைத் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும்.

இரண்டாம் தொடக்கம்: தொழில்முறை ரக்பி இன்று ஒரு நோயாளி. அதன் நாடியைப் பிடித்துப் பார்க்கும் எவரும்—

இதையும் விட்டேன். ஞாயிறுப் பத்திரிகைகள் இதைத்தான் எழுதுகின்றன. பொய் என்று சொல்லவில்லை. சில வருடங்களுக்குள் இங்கே ஆண்களின் பெரிய கழகங்கள் சில படுத்துவிட்டன. நாற்பது வயதைத் தாண்டாத பழைய ஆட்டக்காரர்கள், நினைவு தப்புகிறது என்று நீதிமன்றம் போயிருக்கிறார்கள். ஆனால் பெண்கள் உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்கு ட்விக்கன்ஹாம் மைதானம் நிரம்பி வழிந்ததும் இதே காலத்தில்தான். கடை மூடப்போகிறது என்று பலகை தொங்குகிறது, வாசலில் சனம் நெரிகிறது. அப்படிப்பட்ட கடைகளை நான் அறிவேன். பலகையை எழுதியவனைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

மூன்றாம் தொடக்கம் நின்றுவிட்டது:

கம்சிகா தன் மூளைக்கு விலை சொல்ல நேர்ந்தபோது, அதைக் கொஞ்சம் குறைத்துச் சொன்னாள்.

3

அவள் மிச்சம் என்ற லண்டன் புறநகரில் மரக்கறியும் மீனும் விற்கும் ஜீவரத்தினத்தின் ஒரே மகள். தென்லண்டனில் ஒரு பெண்கள் ரக்பிக் கழகம் அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறது. [எந்தக் கழகம் என்று தேட வேண்டாம். இல்லாத கழகத்துக்கு வழக்கறிஞர்களும் இல்லை.]

பருவம் தொடங்கும் முன் கழகத்தில் ஒரு சோதனை வைப்பார்கள். ஒரு அறை, ஒரு திரை. சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும், மாதங்களைப் பின்னோக்கி ஒப்பிக்க வேண்டும், திரையில் தோன்றும் உருவத்தைச் சட்டென்று தொட வேண்டும். இது நல்ல மூளையின் அளவு. பின்னால் ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் அதே சோதனையை மறுபடி வைத்து, இந்த அளவோடு ஒப்பிட்டு, ஆடலாமா கூடாதா என்று மருத்துவர் முடிவெடுப்பார்.

ஆகவே ஆட்டக்காரிகள் முதற்சோதனையில் வேண்டுமென்றே சொதப்புவார்கள். முதலில் மந்தமாக இருந்துவிட்டால், அடிபட்ட பிறகு மந்தமானதை யார் கண்டுபிடிப்பது? மற்றவர்கள் இதை அலங்கோலமாகச் செய்தார்கள். ஒருத்தி திசம்பருக்கு முந்திய மாதம் ஜூன் என்றாள். உடனே சோதனையைத் திருப்பி வைத்தார்கள். கம்சிகா கடைக்காரன் மகள். அநியாயத்துக்குக் குறைத்துக் கேட்டால் எதிரில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு சொல்லை மறந்தாள், அடுத்ததை நெற்றியைச் சுருக்கித் தேடிப் பிடித்தாள், ஏப்ரலில் கொஞ்சம் தடுக்கினாள். கழக மருத்துவர் நிர்மலா, மதுரைக்காரர், திரையைப் பார்த்துத் தலையாட்டினார். பேரம் படிந்தது.

[இது குற்றமா என்று கேட்கிறீர்கள். அடிபட்டு உட்கார்ந்திருப்பவளின் ஒப்பந்தத்தை வருட முடிவில் புதுப்பிக்காமல் விடலாம் என்ற தொழிலில், சந்தைக்கு வந்தவள் சந்தைக்காரியாக நடந்துகொண்டாள் என்றுதான் நான் எழுதுவேன்.]

பனிக்காலத்தில் ஓர் ஆட்டம். ஓடிவந்தவளைக் கட்டிப்பிடித்து வீழ்த்தக் குனிந்தாள். முழங்கால் ஒன்று காதுக்கு மேலே வந்து மோதியது. பல்லுக்கவசத்துக்குள் இருந்த கருவி எச்சரிக்கை அனுப்ப, வெளியே அழைத்துச் சோதித்தார்கள். தன் பழைய அளவைவிட நன்றாகவே செய்தாள். மைதானம் கைதட்ட, மறுபடி உள்ளே ஓடினாள்.

4

ஓய்வுநாள் காலைகளில் அப்பாவின் கடைக்கு மீன் எடுக்கச் சந்தைக்குப் போவது அவள் வழக்கம். அடிபட்ட ஆட்டத்துக்கு அடுத்த ஓய்வுநாளில் பெட்டிகளைக் கடையில் இறக்கிவைத்துவிட்டு, லாம்பு வெளிச்சம் கண்ணில் படாமல் தொப்பியை இழுத்துக்கொண்டு நின்றாள்.

"அறக்குளா என்ன விலைக்கு எடுத்தனீ?" என்றார் ஜீவரத்தினம்.

"அவன் கேட்டதைக் குடுத்தன்."

"கேட்டதையோ?"

"ஓம்."

"தவம்! இஞ்ச ஒருக்கா வா. உன்ரை மகள் அவன் கேட்டதைக் குடுத்தாளாம்."

தவநாயகி கறிவேப்பிலைக் கட்டோடு பின்னறையிலிருந்து வந்தாள். "விடுங்கோப்பா. பிள்ளை களைச்சுப்போய் வந்திருக்கு."

"களைச்சால் இன்னும் கூடச் சண்டை பிடிப்பாள். சின்னப் பிள்ளையில தேர்த்திருவிழாவில பலூன்காரனை அழ வைச்சவள் இவள். மறந்து போனியோ?"

"மீன்காரன் டெரி நல்ல மனுசன், அப்பா."

"நல்ல மனுசன்தான். அதாலதான் அவனே எனக்குப் போன் எடுத்தவன். 'ஜீவா, உன்ரை மகள் இண்டைக்கு என்னோட சண்டை பிடிக்கேல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு' எண்டான். வித்தவன் பயப்பிடுறான், பிள்ளை. வித்தவன்!"

கம்சிகா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "விலையைக் கேட்டன். குறைக்கச் சொல்ல வாயெடுத்தன். என்ன சொல்ல வந்தனான் எண்டு... காணேல்லை, அப்பா. இருந்த இடத்தில காணேல்லை."

கறிவேப்பிலைக் கட்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

5

இங்கேதான் எனக்கும் அவளுக்கும் சண்டை தொடங்கியது.

நான் இரண்டு முடிவுகளைத் தயாராக வைத்திருந்தேன். ஒன்று: அவள் ரக்பியை விட்டுவிட்டுப் பக்கத்து ஊரான சட்டனில் ஒரு உடற்பயிற்சி நிலையம் திறந்து, மாலை வெயிலில்— [மாலை வெயில் என்று எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.] மற்றது: சனிக்கிழமை தொலைக்காட்சியில் காட்டப்படும் அரையிறுதியில் இறங்கி, வென்று, விழுந்து, எழும்பாமல்— [இதை எழுதினால் பரிசு கிடைக்கும். ஆகவே எழுதவில்லை.]

ஜீவரத்தினம் முதல் முடிவின் பக்கம். "விட்டுடு பிள்ளை," என்றார். "கடை இருக்கு. நாங்கள் இருக்கிறம்."

"விடமாட்டன்."

"மண்டை போனால் ஆர் தருவினம்?"

"ஆரும் தராயினம். அதுதான் சனிக்கிழமை இறங்கமாட்டன். ஆனால் விளையாட்டை விடவுமாட்டன். அப்பா, கடைக்குள்ள கத்தியோட கள்ளன் வந்தவன்தானே? அதுக்காகக் கடையை மூடினனீங்களே? பூட்டை மாத்தினனீங்கள். கமெரா வைச்சனீங்கள். அடுத்த நாள் காலமை கதவைத் திறந்து, வெண்டிக்காய் அடுக்கினனீங்கள்."

ஜீவரத்தினம் மனைவியைப் பார்த்தார். தவநாயகி, "என்னைப் பாக்காதேங்கோ. உங்கடை மகள்," என்றாள்.

அவளுக்காக நான் எழுதிவைத்திருந்த விவேகமான வசனம் ஒன்று இங்கே வருவதாக இருந்தது. அவள் அதைத் துப்பிவிட்டாள்.

6

மருத்துவர் நிர்மலா மற்றவர்களோடு ஆங்கிலம் பேசுவார். கதவு சாத்தியிருந்தால் கம்சிகாவோடு மட்டும் தமிழ்.

"என்னம்மா சொல்றே? அந்த டெஸ்ட்ல வேணும்னே தப்பு பண்ணியா?"

"ஓம், டொக்டர்."

"என்கிட்டயே?" நிர்மலா நாற்காலியில் சாய்ந்தார். "அன்னைக்கு உன்னைத் திருப்பி மைதானத்துக்கு அனுப்பினது நான். என் கையால அனுப்பினேன்."

"நீங்கள் அனுப்பேல்லை. நான் போனனான். இப்ப நேர்மையாத் திருப்பி வையுங்கோ. எவ்வளவு கெட்டுப்போச்செண்டு எனக்கும் தெரியவேணும்."

வைத்தார்கள். இந்த முறை அவள் எதையும் மறைக்கவில்லை. ஏப்ரலில் தடுக்கினாள், இந்தத் தடவை நிசமாகவே. நிர்மலா திரையை அணைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓய்வு எடுத்தா தெளியலாம்னு நம்புறேன். ஸ்பெஷலிஸ்ட் பார்க்கட்டும். நான் சரின்னு சொல்ற வரைக்கும் பந்தைத் தொடக் கூடாது. உன்னை மாதிரி இன்னும் யாரெல்லாம் பண்ணாங்க?"

"பேர் சொல்லமாட்டன். எல்லாருக்கும் திருப்பி வையுங்கோ."

"வெச்சா மறுபடியும் குறைச்சுத்தான் காட்டுவாங்க."

"காட்டுவினம். உண்மை சொன்னால் நட்டமெண்டால் ஆர் சொல்லுவினம்? அடிபட்டு இருக்கிறவளின்ரை ஒப்பந்தத்தில கை வைக்கமாட்டம் எண்டு எழுதிக் குடுக்கச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு ஒருத்தியும் உங்களிட்டைப் பொய் சொல்லாள்."

"அது என் கையில இல்லம்மா. சேர்மன் கையில."

"அப்ப அவரிட்டைப் போறன்."

7

கழகத் தலைவரின் அறைக்கு அவள் தனியாகத்தான் போனாள். ஜீவரத்தினம் வெளியே கடை வான் வண்டியில் இருந்தார். கூட வந்தால் வாயைத் திறப்பார் என்று அவளுக்குத் தெரியும். [இருவரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். தமிழில் தருவது என் சரக்கு. கலப்படம் இருந்தால் என்னிடம் வாருங்கள்.]

தலைவர் கெட்டவரல்லர். அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், கதை மலிந்துவிட்டது. கழகத்தைக் காப்பாற்றத் தன் வீட்டை ஈடுவைத்தவர் அவர். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னார்: சனிக்கிழமை நீ இறங்க வேண்டாம். சொந்தக் காரணம் என்று அறிவிப்போம். உன் ஒப்பந்தத்தை இன்றே புதுப்பிக்கிறேன், அடிபட்டு இருந்தாலும் கை வைக்கமாட்டேன் என்ற வரியோடு. உனக்கு மட்டும். சோதனைக் கதை இந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது.

நல்ல சரக்கு. கம்சிகா ஒரு கணம் அதைக் கையில் வைத்துப் பார்த்தாள். நான் மறைக்கப்போவதில்லை, வாங்கிவிடு என்று எழுதவும் என் விரல் துடித்தது.

"எல்லாருக்கும்," என்றாள்.

"எல்லாருக்கும் என்றால் கழகம் தாங்காது. மூடிவிட்டால் எல்லாரும் தெருவில். அதற்கு நீதான் பொறுப்பு."

"சட்டன் பூங்காவில ஞாயிறு காலையில சின்னப் பெட்டையள் ரக்பி பழக வருகினம். தாய்மார் கோட்டுக்கு வெளியில நிண்டு பாக்கினம். எங்களுக்கு நடக்கிறதைப் பாத்துத்தான் அவை முடிவெடுப்பினம். அவை பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வீட்டை போனால் உங்களிட்டைக் கழகம் இருக்கும், விளையாட ஆள் இராது."

"கம்சிகா, யோசித்துப் பேசு."

"யோசிக்க எனக்கு இப்ப வழமையைவிடக் கொஞ்சம் நேரம் எடுக்குது, சேர். எண்டாலும் யோசிச்சிட்டுத்தான் வந்தனான். எழுதமாட்டீங்களெண்டால் சனிக்கிழமை தொலைக்காட்சிக்காரருக்கு முன்னால நிண்டு நானே சொல்லுறன். என்ரை பேரை மட்டும், நான் செய்ததை மட்டும்."

எழுந்தாள்.

8

இங்கே முடிவு வர வேண்டும். தலைவர் பேனாவை எடுக்கிறார் என்று எழுதலாம். எழுதினால் நான் அவருக்குக் கடன் கொடுத்த நல்ல மனசு அது, அவருடையதல்ல. கழகத் தோழிகள் எல்லோரும் நடைபாதையில் கைகோத்து நிற்கிறார்கள் என்று எழுதலாம், அழகாக இருக்கும். அவள் அப்பாவின் வான் வண்டியில் ஏறினாள், கழகம் அவளில்லாமல் வென்றது, ஒருவரும் அவள் பெயரைக் கேட்கவில்லை என்றும் எழுதலாம். மூன்றையும் எழுதி மூன்றையும் அழித்தேன்.

ஏனென்றால் அந்த மேசையில் விலையை முடிவுசெய்கிறவர் தலைவர் என்று நான் இவ்வளவு நேரமும் தவறாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் இடைத்தரகர்தான். வாங்குகிறவர், சனிக்கிழமைக்கு அனுமதிச்சீட்டு எடுத்து வைத்திருப்பவர், நீங்கள். மோதல் பலமாக விழும்போது எழுந்து நின்று கத்துகிறவரும் நீங்கள். சோபாவில் இருந்தபடி, "எழும்பி ஓடடி!" என்று சொல்கிறவரும் நீங்கள்தான்.

விலை படியாவிட்டால் எழுந்து நடப்பது சந்தை வழக்கம், கூப்பிட வேண்டியவர் வாங்குகிறவர். அவள் கதவை நோக்கி நடக்கிறாள். தலையிடியால் மெதுவாகத்தான் நடக்கிறாள். திரும்பிப் பார்க்கமாட்டாள், அவளை நான் அப்படி எழுதவில்லை, எழுதினாலும் கேட்கமாட்டாள். கை இப்போது கைப்பிடியில் இருக்கிறது.

என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று என்னைக் கேட்காதீர்கள். கூப்பிடுங்கள்.