பிடோக் நீர்த்தேக்கத்தில் கப்பல்கள் மூழ்கிய நாள்

பிடோக் நீர்த்தேக்கத்தில் புயல் அடித்த அன்று அதில் ஒன்பது சரக்குக் கப்பல்கள் நின்றிருந்தன. அந்த ஆண்டு துறைமுகத்துக்கு வெளியே காத்திருக்க இடம் போதாமல், கப்பல்கள் ஒவ்வொன்றாக நீர்த்தேக்கத்துக்கு வந்துவிட்டன. கடலுக்கும் அதற்கும் நடுவில் கால்வாய் எதுவும் கிடையாது; சாலைகளும் அடுக்குமாடி புளோக்குகளும்தான். முதல் வாரம் தீவு முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து படம் எடுத்தார்கள். அடுத்த வாரம் தேக்கா சந்தையில் மீன் விலை ஏறியது. பேச்சு அதற்குப் போய்விட்டது.

கரையை ஒட்டிய புளோக்கில் ஒன்பதாம் மாடியில் ரூபி தனியாக இருந்தாள். பெண்களின் டிராகன் படகுப் பந்தயக் குழு ஒன்றில் அவள்தான் சுக்கான் பிடிப்பவள். கணவன் சேவியர் கப்பல் இன்ஜினியர். நான்கு வருடங்களுக்கு முன் அவர்களுக்குப் பிறந்த ஆண் குழந்தை ஒரு நாள்கூட முழுசாக இருக்கவில்லை. சேவியர் அப்போது அட்லாண்டிக் நடுவில் இருந்தான். சுவா சூ காங் கல்லறையில் ரூபியும் பங்குச் சாமியாரும் நின்று அடக்கம் செய்தார்கள். அதற்குப் பிறகு அவன் ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறிக்கொண்டே இருந்தான். வீட்டுப் பக்கம் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஒரு வரி வாழ்த்து வரும்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை பகலில் புயல் எழுந்தது, தண்ணீரின் மேல் மட்டும். ஓட்டப் பாதையில் வெயில் அடித்தது, மூங்கில் கழிகளில் காய்ந்த துணி அசையவில்லை. இரண்டு எட்டு தள்ளி, நாலாம் மாடி உயரத்துக்கு அலைகள் எழும்பி விழுந்தன. ஒரு கப்பல் இன்னொன்றின் விலாவைக் கிழித்துக்கொண்டு ஏறியது. இரும்பு கிழிந்த சத்தத்தில் புளோக்குகளின் ஜன்னல் கண்ணாடிகள் தெறித்தன. அறுந்த நங்கூரச் சங்கிலி ஒரு மாலுமியை இடுப்போடு வெட்டிப் போட்டதைக் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள். கன்டெய்னர் ஒன்று கரையில் மோதிப் பிளந்து, உறைந்த கோழிகள் சைக்கிள் பாதை முழுக்கச் சிதறின. மீட்புப் படகுகள் போயின. அலை அவற்றைத் தூக்கிப் புல்வெளியில் எறிந்தது.

அப்போதுதான் ரூபியின் கைப்பேசி அடித்தது.

"ரூபி, நான் சேவியர்."

"எங்க இருக்கீங்க?"

"வீட்டுக்கு எதிர்ல லா. நம்ம கிச்சன் ஜன்னல் தெரியுது. ஒரு மாசமா இங்கதான் நிக்கிறோம். மேல ஏறி வர்றதுக்கு எனக்கு மூஞ்சி இல்ல. கப்பல் சாயுது, சொல்லிட்டுப் போகலாம்னு..."

ரூபி பேச்சை முடிக்க விடவில்லை. போனை வைத்துவிட்டு இறங்கி ஓடினாள். பயிற்சிக்கு வந்திருந்த குழுவினர் படகுத்துறையில் நின்றார்கள். அவர்கள் துடுப்புப் போடத் தாளமாக முரசு அடிக்கும் முனீரா, "அக்கா, செத்துப்போவோம் லா!" என்றாள். "வர்றவங்க வாங்க. என் வீட்டுக்காரர் அங்க இருக்காரு," என்றாள் ரூபி. முனீராதான் முதலில் ஏறினாள்.

மற்ற நாட்களில் ஒரு காப்பி ஆறுவதற்குள் குறுக்கே போய்விடக்கூடிய தண்ணீர் அது. அன்று கொஞ்சம் துடுப்புப் போட்டதுமே கரை விலகி, புளோக்குகள் தீப்பெட்டிகளாகி, பிறகு அடிவானத்துக்குக் கீழே இறங்கி மறைந்தன. முகத்தில் அறைந்த தண்ணீர் உப்புக் கரித்தது. குப்புறக் கிடந்த உடல்கள் படகின் விலாவில் மோதின. யாரும் திரும்பிப் பார்க்காதபடி முனீரா இன்னும் பலமாக முரசை அடித்தாள். எங்கிருந்தோ அறுந்து வீசிய இரும்பு வடம் ரூபியின் இடது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோனது. அவள் கையைச் சட்டையில் சுற்றிக்கொண்டு மறு கையால் சுக்கானைப் பிடித்தாள்.

சேவியரின் கப்பல் பக்கவாட்டில் பாதி படுத்திருந்தது. அவன் கயிற்றேணியில் மற்றவர்களை ஒவ்வொருவராகப் படகில் இறக்கினான். கடைசி ஆள் இறங்கியதும், "போ ரூபி, வெயிட் தாங்காது," என்று கத்திவிட்டு ஏணியிலேயே நின்றான். அலை படகை அவன் உயரத்துக்குத் தூக்கியபோது ரூபி ஒரு துடுப்பைப் பிடுங்கி அவன் தோளில் ஓங்கி அடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து 'நீங்க' என்றே சொல்லி வந்தவள், அன்றுதான் மாற்றினாள்.

"புள்ளையத் தனியா புதைச்சேன். உன்னையும் தனியா புதைக்க மாட்டேன். இறங்கு!"

இறங்கினான். அவர்கள் விலகுவதற்குள் கப்பல் கவிழ்ந்து, தண்ணீர் குழியாகி அவர்களை இழுத்தது. துடுப்பு இல்லாதவர்கள் கைகளாலேயே தண்ணீரைத் தள்ளினார்கள். படகு குழியிலிருந்து விடுபட்டுக் கரை சேர்ந்தது.

மாலையில் புயல் அடங்கியபோது ஆறு கப்பல்கள் இல்லை. முக்குளிப்பவர்கள் நீர்த்தேக்கத்தின் அடிவரை போய்ப் பார்த்தார்கள். சேறும் ஒரு பேரங்காடித் தள்ளுவண்டியும்தான் கிடந்தன. இறந்தவர்களின் குடும்பங்கள் மணிலாவிலிருந்தும் சிட்டகாங்கிலிருந்தும் வந்து தண்ணீரில் பூ விட்டன. அவர்கள் உட்காரக் கரையில் பெஞ்சுகள் போடப்பட்டன.

வீட்டுக்கு வந்த சேவியர் பல வாரங்கள் ரூபியின் கைக்குக் கட்டு மாற்றினான், சமைத்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"பையன் யாரு ஜாடை?"

ரூபி கரண்டியை வைத்தாள். "காது அப்படியே உங்களுது. நெத்தி மட்டும் என்னோடது. நிறைய முடி," என்றாள்.

அவன் இரண்டு கைகளாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். கீழே, அப்போதுதான் வந்து சேர்ந்த ஒரு கப்பல் நங்கூரத்தை இறக்கியது. சங்கிலி நெடுநேரம் இறங்கிக்கொண்டே இருந்தது. இருவரும் எழுந்து பார்க்கவில்லை.