மாடு ஒதுக்கிய முள்

செசிலி சட்டியிலிருந்த கடைசிப் பழத்தையும் வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் பக்கத்து வீட்டு நல்லம்மா புல்லுக்கட்டோடு வந்து சேர்ந்தாள். பழத்தோடு ஒடிந்து வந்திருந்த முள்கொத்தைப் பார்த்ததும் கட்டைக் கீழே போட்டாள்.

"எவடி இத இவளுக்குக் குடுத்தது? இது நஞ்சு. புல்லோட தவறி வந்தாலே எம்மாடு இத மட்டும் தள்ளி வச்சிரும். மாடு தொடாதத வாயும் வயிறுமா இருக்கவ திங்கலாமா?"

கொடுத்தவள் அஞ்சலின், செசிலியின் நாத்தனார். மாட்டின் தீர்ப்பை அந்தத் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளில் யாரும் மறுப்பதில்லை. காட்டில் புதிதாக ஏதாவது முளைத்திருந்தால் புல் அறுப்பவர்கள் முதலில் மாட்டுத் தொட்டியில்தான் போட்டுப் பார்ப்பார்கள். மாடு ஒதுக்கினால் அதோடு பேச்சு முடிந்தது.

ஏழாம் நம்பர் மலையைத் தோட்டம் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. தேயிலை மரமாக உயர்ந்துவிட, இடையில் இந்த முள்செடி வளைந்து வளைந்து படர்ந்திருந்தது. அஞ்சலின் வாசிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் யாரோ ஒரு பெண் முட்புதர் ஓரம் நின்று பழம் பறிப்பாள். விரல் கறுக்கும், உடை கிழியும், மழை வரும். அந்தப் பழம் எப்படி இருக்கும் என்று பதுளை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எத்தனையோ முறை யோசித்திருக்கிறாள். காலையில் அந்த மலையில் அதை நேரில் கண்டுவிட்ட சந்தோஷத்தில், புளிப்புக்கு ஏங்கிக்கொண்டிருந்த மதினிக்காகச் சட்டி நிறையப் பறித்தாள். நாவலில் வருவது கறுப்பு, இது மஞ்சள் என்பது இப்போதுதான் உறைத்தது. போன வருடம் செசிலிக்கு ஒரு கரு தங்காமல் போயிருந்தது.

"வயித்த வலிக்குதா மதினி?"

"நீங்க ரெண்டு பேரும் பாக்குற பார்வையிலதான் வலிக்குது," என்றாள் செசிலி. ஆனால் அவள் கை வயிற்றின் மேல் போயிருந்தது.

செசிலியின் புருஷன் ஜெஸ்டின் மரக்கறி லொறியோடு வெலிமடைக்குப் போயிருந்தான். அஞ்சலின் முள்கொத்தைத் தூக்கிக்கொண்டு சிலுவை நட்ட மேட்டுப் பாறைக்கு ஓடினாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். முதலில் த்ரீவீல்காரரை ஆஸ்பத்திரிக்குப் போக வரச் சொன்னாள். பிறகு பள்ளித்தோழி ஜிப்னாவுக்குப் படங்களை அனுப்பினாள். ஜிப்னா பல்கலைக்கழகத்தில் செடிகொடிகளைப் பற்றிப் படிப்பவள். உடனே அழைத்தாள்.

"ஒரு பழத்தக் கழட்டிப் பாரு. உள்ளுக்குக் குழியா இருக்கா?"

கொத்தில் ஓர் இலைக்கடியில் ஒரே ஒரு பழம் ஒளிந்திருந்தது. இழுத்ததும் வெள்ளைக் குமிழைக் காம்பிலேயே விட்டுவிட்டுக் கழன்று, விரல் நுனியில் தொப்பி மாதிரி உட்கார்ந்துகொண்டது.

"ஆமா."

"இலைக்கு அடியில வெள்ளையா? தண்டுல சிவப்பா மயிரு?"

"ஆமா, ஆமா."

"மருந்தடிச்ச இடமா?"

"இல்ல. கைவிட்ட மலை."

ஜிப்னா யாரிடமோ ஏதோ கேட்பது கேட்டது. அப்புறம் காற்று மட்டும். அஞ்சலின் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள்.

"அஞ்சு, பயப்பிடாத. எங்க லெக்சரர் சேரும் படத்தப் பாத்துட்டார். ராஸ்பெரி இனம், நஞ்சில்ல. இந்த நாட்டுச் செடியில்ல, இந்தியாப் பக்கமிருந்து வந்து காட்டுல பரவினது."

அஞ்சலின் பாறையில் உட்கார்ந்தாள். விரலில் இருந்த தொப்பியை அப்படியே வாயில் போட்டாள். முதலில் புளித்தது, பிறகு இனித்தது.

அவள் கொத்தோடு திரும்பி வந்து சொன்னதும் செசிலி நீளமாக மூச்சு விட்டாள்.

"இந்தியாவுல இருந்து வந்ததா? அப்ப நம்ம பாட்டன் பூட்டன் மாதிரி, நம்மாளுதான். எத்தன காலமா இங்க கெடக்குதாம்?"

"தெரியல மதினி."

"இன்னும் வந்ததுன்னுதான் சொல்றாங்களாக்கும்." வயிறு குலுங்கச் சிரித்தாள்.

நல்லம்மாவுக்கு மனசு ஆறவில்லை. "அப்ப எம்மாடு பொய் சொல்லுதா?"

செசிலி கத்தியை எடுத்தாள். கொத்தின் இளம் நுனியை வைத்துக்கொண்டு, முள்ளையெல்லாம் ஒன்று விடாமல் சுரண்டினாள். வழுவழுப்பான தண்டோடு தொழுவத்துக்கு நடந்தாள். மற்ற இருவரும் பின்னால் போனார்கள். கீழே ரோட்டில் த்ரீவீல் ஹோர்ன் அடித்தது. யாரும் திரும்பவில்லை. மாடு மோந்து பார்த்தது, ஒருமுறை தலையை ஆட்டியது. பிறகு நாக்கை நீட்டித் தண்டைச் சுற்றி இழுத்தது. அது மென்று மென்று உள்ளே இழுக்க, வாயோரம் தொங்கிய கடைசி இலை புரண்டு வெள்ளையாய்த் தெரிந்தது.