தனுஷ்கோடி கை வைத்த குழாய்கள்

1984-ஆம் வருஷம் வைகாசியில், கல்யாணமான மூன்றாம் நாள், ஸ்ரீவில்லிபுத்தூர் மாமனார் வீட்டில் மறுவீட்டு விருந்து தின்றுவிட்டுக் கை கழுவப் போன தனுஷ்கோடி குழாயைத் திறந்தான். தண்ணீர் நின்றுபோனது. அன்றிலிருந்து அவன் கை பட்ட எந்தக் குழாயிலும் அவனுக்குத் தண்ணீர் வந்ததில்லை. அவன் குழாயைத் தொடாமல் வேறு யாராவது திறந்துவிட்டால் கொட்டும், அதில் அவன் கை கழுவிக்கொள்ளலாம். கிணற்றில் இறைத்தால் வாளி காலியாக மேலே வரும். செம்பைக் கவிழ்த்தால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். குடிப்பதற்கு மட்டும் ஏனோ தடையில்லை. மாமனார் கண்ணுச்சாமி பால்கோவா அடுப்புகளுக்குப் பால் ஊற்றுகிறவர். முதலில் அவர் நகராட்சியைத்தான் திட்டினார். மறுநாள் மாப்பிள்ளை தொழுவத்துக்குள் எட்டிப் பார்த்ததும் கறவைப் பசு மடியை இறுக்கிக்கொண்டது. அதன்பிறகு அவன் வருகிற நாட்களில் தொழுவத்துக் கதவைச் சாத்திவிட்டுத்தான் வாசலுக்கு வந்து கும்பிடுவார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அவன் ஊரான ராஜபாளையத்துக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை. தனுஷ்கோடி ஒரு நூல்மில்லில் பிட்டர். நூல் அறாமலிருக்கத் தண்ணீர் தெளிக்கும் பகுதிக்கு மட்டும் அவனை விடவேண்டாமென்று மேஸ்திரி சொல்லிவைத்தார், அவ்வளவுதான். அய்யனார் கோவில் மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர்தான் அப்போதெல்லாம் ஊருக்குக் குழாயில் வரும். விடிகாலையில் தெருக்குழாயடியில் குடங்கள் வரிசை போட்டிருக்கும். அந்தத் தண்ணீருக்கு நெல்லிக்காய் தின்றபின் குடித்த மாதிரி ஓர் இனிப்பு உண்டு. அதில் சோறு வடித்தால் மறுநாள் மதியம்வரை ஊசாது. எங்காவது குழாய் வெடித்துப் பீய்ச்சினால் நகராட்சி ஆட்கள் மில் வாசலுக்கு ஜீப்பை அனுப்புவார்கள். தனுஷ்கோடி வந்து உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெற்றிலை போட்டபடி நிற்பான். அவர்கள் நிதானமாக வேலையை முடிப்பார்கள். வீட்டில் அவனுக்குக் குழாய் திறந்துவிடுவது, குளிக்க ஊற்றுவது, சாப்பிட்டால் கைக்கு வார்ப்பது எல்லாம் அவன் மனைவி வெள்ளத்தாய். பெயர் அப்படி அமைந்துவிட்டது. தினமும் ஷிப்டு முடிந்து வருகிறவனைத் துவைகல்லில் உட்காரவைத்து அவள் செம்பு செம்பாக ஊற்றுவாள். தலையில் ஒட்டியிருக்கும் பஞ்சு கழன்று ஓடும். அந்த நேரத்தில்தான் இருவரும் அன்றன்றைய கதையைப் பேசிக்கொள்வார்கள். கல்யாணமாகி வெகுநாள்வரை அந்தத் தெருவில் அவ்வளவு சந்தோஷமான வீடு வேறு இருந்ததில்லை.

குழந்தை மட்டும் உண்டாகவில்லை. இங்கேதான் ஊரின் சாமர்த்தியத்தைச் சொல்லவேண்டும். அவன் கை பட்டால் குழாய் வறண்டுபோகும் என்பது சங்கரன்கோவில் வரைக்கும் தெரியும். ஜீப் வைத்து அவனைக் கூட்டிப்போனவர்களுக்கும் தெரியும். அத்தனை பேரும் ஒரே குரலில் வெள்ளத்தாயிடம்தான் குறை என்றார்கள். மாமியார் மாரியாத்தாள் அவளை அய்யனார் கோவிலுக்கு ஈரச்சேலையோடு நடத்தினாள், ஆடிப்பூரத்தில் தேர்வடம் தொட வைத்தாள், கசாயம் கொடுத்தாள். மதுரைக்குக் கூட்டிப்போய்க் கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யவும் வைத்தாள், ஒருமுறைக்கு இரண்டுமுறையாக. தனுஷ்கோடி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். அங்கிருந்த குழாயைக்கூட ஒருவரிடம் சொல்லித் திறக்கச் செய்துதான் முகம் கழுவினான். அப்போதும் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியது என்றும், தோன்றாத மாதிரி இருந்துகொண்டான் என்றும் வெள்ளத்தாய் பின்னாளில் சொன்னாள். அவள் சொன்னதே சரியாக இருக்கலாம்.

1990-இல் மாரியாத்தாள் மகனுக்கு இரண்டாம் தாரம் பார்த்தாள். பெண் சோழபுரத்துக் கருத்தையாவின் மகள் கருத்தம்மாள். தனுஷ்கோடி வேண்டாமென்றும் சொல்லவில்லை, வேண்டுமென்றும் சொல்லவில்லை. வெள்ளத்தாய் அன்று காலை வழக்கம்போல அவனுக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, இஸ்திரி போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். சோழபுரத்தில் வண்டியைவிட்டு இறங்கியவன் கால் கழுவப் பம்புசெட்டுத் தொட்டியருகே போய்க் குழாய்வாயில் கை வைத்தான். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது, தண்ணீர் நின்றது. வரப்பில் நாற்றுக்கட்டோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். பிறகு கூடத்தில் பாய் விரித்து, தட்டு வைத்து, பெண்ணைக் காப்பியோடு வரச்சொன்னார்கள். கருத்தம்மாள் வந்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவனை நேராகப் பார்த்தாள்.

“ஏண்ணே, நீங்க பிட்டர்தான? கொழாயில தண்ணி வரலைன்னா கொழாயத்தான கழட்டிப் பாப்பீய? கொடத்தையா மாத்துவீய?”

மற்றதெல்லாம் கிடக்கட்டும், எல்லோர் முன்னாலும் அவள் அவனை அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டாள். கூப்பிட்ட முறையை மாற்ற ஊர் கூடினாலும் முடியாது. கருத்தையா மகளை அதட்ட வாய் திறந்தவர் மூடிக்கொண்டார். மாரியாத்தாள் தட்டை எடுத்துக்கொண்டாள். தனுஷ்கோடி மட்டும் அந்தக் காப்பியை முழுவதும் குடித்துவிட்டு, “வாரேன் தங்கச்சி” என்று சொல்லிவிட்டு எழுந்தான்.

அந்த வாரமே ஸ்ரீவில்லிபுத்தூரில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் கிருபாபாயிடம் போனான். கூச்சத்தில் மூன்று தரம் வாசல்வரை போய்த் திரும்பினான் என்று கம்பவுண்டர் சொல்லுவார். விந்துப் பரிசோதனையில் உயிரணு ஒன்றுகூட இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்ததில் விவரம் தெரிந்தது. விதையில் உற்பத்தி குறைவில்லை. அங்கிருந்து வெளியே கொண்டுவருகிற குழாய்தான் பிறவியிலேயே இரண்டு பக்கமும் இல்லை. டாக்டரம்மா அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். “டேங்கு நெறைய இருக்கு தம்பி, பைப்லைன்தான் போடாம விட்டுட்டாங்க.” இப்போதைக்கு வைத்தியமில்லை, ஆராய்ச்சி நடக்கிறது, பொறுத்திரு என்றார். அவன் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகத் தெருக்குழாயடிக்குப் போனான். தெருவே குடத்தோடு நின்றது. அவன் குழாயில் கை வைத்து நிறுத்திவிட்டு, “கொறை எங்கிட்டதான். வெள்ளத்தாய இனி ஆரும் ஒண்ணும் சொல்லப்பிடாது” என்றான். மாரியாத்தாள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். யாரோ என் பிள்ளைக்கு மருந்து வைத்துவிட்டார்கள் என்றாள். வெள்ளத்தாய் அழவில்லை. வீட்டுக்குள் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“சொரண்டும்போது எம்புட்டு வலின்னு ஒமக்குத் தெரியுமாய்யா? வராந்தாவுல உக்காந்திருந்தீரே” என்று அவனிடம் கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிட்டாள்.

அவள் இல்லாத நாட்களில் தனுஷ்கோடி குளிக்கவில்லை. அம்மா ஊற்ற வந்தபோது வேண்டாமென்றுவிட்டான். மில்லில் பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். தலையில் பஞ்சு அடைஅடையாகப் படிந்து, அதில் ஒரு சிட்டுக்குருவி கூடு கட்டியது. மேஸ்திரி லீவு எடுக்கச் சொன்னார். சங்கதி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனது. குருவி என்றதும் வெள்ளத்தாய்க்குக் கோபத்துக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது. குருவி குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை காத்திருந்து திரும்பி வந்து, அவனைத் துவைகல்லில் உட்காரவைத்து, ஆத்திரமெல்லாம் தீர ஊற்றினாள். அன்று இருவரும் அழுதார்கள். எது தண்ணீர், எது கண்ணீர் என்று யாருக்கும் தெரியவில்லை.

வருஷங்கள் போயின. மலைத்தண்ணீர் ஊருக்குப் பற்றாமல் தெருத்தெருவாக ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். உப்புத் தண்ணீர் வந்தது. குடங்களில் வெள்ளைப் படலம் படிந்தது. பழைய தண்ணீரின் ருசியைப் பற்றிப் பேசுவது பெரியவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கானது. 1997-இல் கிருபாபாய் சொல்லியனுப்பினார். மெட்ராஸில் இப்போது ஊசியால் விதையிலிருந்தே உயிரணுவை எடுக்கிறார்கள், ஒன்று கிடைத்தாலும் போதும், பெண்ணின் கருமுட்டைக்குள் அதையே செலுத்திவிடுகிறார்கள் என்று. நிச்சயமில்லை என்றும் சொன்னார். வெள்ளத்தாய்க்கு அப்போது முப்பத்தாறு வயது. முட்டை வளர வயிற்றில் தினமும் ஊசி போடவேண்டும். முடிவை அவளிடமே விட்டான். அவள் ஒரு நாள் யோசித்தாள். “இந்தத் தடவ வராந்தாவுல நான் உக்காருதேன், நீரு உள்ள போம்” என்றாள். இருவருமே உள்ளே போகவேண்டியிருந்தது, அது வேறு விஷயம்.

மார்கழி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தனுஷ்கோடியை மெட்ராஸ் ஆஸ்பத்திரி மேஜையில் படுக்கவைத்து மரத்துப்போக மருந்து கொடுத்தார்கள். டாக்டர் ஊசியை இறக்கினார். முதல் தரம் ஒன்றுமில்லை. இரண்டாம் தரம் ஊசிக்குள் ஒரு துளி ஏறியது. பக்கத்து அறையில் நுண்ணோக்கியில் குனிந்திருந்த பெண், அசைகிறது என்றாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். வெள்ளத்தாயிடம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டான்.

அதே நேரத்தில் ராஜபாளையத்தில் அவன் அதுவரை கை வைத்த குழாய்கள் எல்லாம் திறக்காமலே திறந்துகொண்டன. தெருக்குழாய், மில் குழாய், ஒட்டுப்போட்ட மெயின் பைப்புகள், ஸ்ரீவில்லிபுத்தூரில் கண்ணுச்சாமி வீட்டு முற்றத்துக் குழாய்கூட. சோழபுரத்தில் கரண்ட் இல்லாமலே பம்புசெட் கொட்டியது. அவனுக்கு வராமல் நின்ற அத்தனை வருஷத் தண்ணீரும் அன்றுதான் வந்தது. குடித்துப் பார்த்தவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள்: பழைய மலைத்தண்ணீர். அதே இனிப்பு. பெரியவர்கள் குழாயடியில் சம்மணமிட்டு உட்கார்ந்து இரண்டு கையிலும் ஏந்திக் குடித்து, செத்துப்போனவர்களின் பெயரையெல்லாம் சொல்லி அழுதார்கள். பெண்கள் அண்டா குண்டா நிரப்பினார்கள். மாரியாத்தாள் ஒரு குடம் பிடித்து மூடி, மருமகள் வந்து குடிக்கட்டும் என்று எடுத்துவைத்தாள். மாமியார் கேட்ட மன்னிப்பு அதுதான், வேறு கேட்கவில்லை. சாயங்காலம் தண்ணீர் நின்றது. மறுநாள் உப்புத் தண்ணீரே வந்தது.

அடுத்த புரட்டாசியில் பெண் குழந்தை பிறந்தது. அத்தை முறைக்குக் கருத்தம்மாள் தன் இரண்டு பிள்ளைகளோடு வந்து, மாரியாத்தாள் எடுத்துவைத்திருந்த குடத்துத் தண்ணீரில் சீனி கரைத்து நாக்கில் தொட்டு வைத்தாள். தனுஷ்கோடி கையில் குழாய் பழையபடி வறண்டே கிடந்தது. இல்லாத குழாயை யாரும் புதிதாகப் போடவில்லை, ஒரு தரம் சுற்றுவழியில் எடுத்தார்கள், அவ்வளவுதான் என்று டாக்டரம்மா விளக்கினார். அதை யாரும் குறையாக எண்ணவில்லை. நகராட்சி ஜீப் வந்துபோய்க்கொண்டிருந்தது.

அந்தப் பிள்ளைக்குக் குழாய் எட்டுகிற உயரம் வந்த ஒரு மாலை, ஷிப்டு முடிந்து வந்தவன் வழக்கம்போல வெள்ளத்தாயைக் கூப்பிட்டான். அவள் அடுப்பில் தோசையை விட்டுவிட்டு வருவதற்குள் மகள் எக்கி நின்று குழாயைத் திருகிவிட்டாள். “கையை நீட்டுங்கப்பா” என்றாள். அவன் நீட்டினான், தண்ணீர் விழுந்தது. வெள்ளத்தாய் செத்த நேரம் நிலைப்படியில் நின்று பார்த்துவிட்டு, தோசை கருகுமே என்று உள்ளே போனாள்.