அடியில் எழுதிய பெயர்

சூளைக் கதவைப் பிரித்த காலையில் அங்கே இருந்தவர்கள் பன்னிரண்டாம் கிஹெய், அவருடைய மகன் யசுஹிகோ, மகள் ஷிஸுனோ, சூளை எரிக்கும் இவானாகா, சரக்கெடுக்க வந்த வியாபாரி மிசொகுச்சி. வேறு யாரும் இல்லை.

ஜப்பானில் பீங்கானுக்குப் பேர்போன அரிதா ஊரில் கிஹெய் என்பது ஆளின் பெயரல்ல, வீட்டின் பெயர். தகப்பனுக்குப் பின் மகன் தன் பெயரை விட்டுவிட்டு அதை ஏற்றுக்கொள்வான். வரும் வசந்தத்தில் யசுஹிகோ பதின்மூன்றாம் கிஹெய் ஆக வேண்டும். அவன் சக்கரத்தில் உட்கார்ந்தால் சோற்றுக் கிண்ணம்கூடக் கோணிக்கொள்ளும். கிழவருக்குக் கை நடுங்கத் தொடங்கியதிலிருந்து பீங்கானை வனைவதும், அடியில் அவர் பெயரை எழுதுவதும் ஷிஸுனோதான். ஊருக்கே தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதுதான் மரியாதை என்று கிஹெய் நினைத்திருந்தார்.

இவானாகா ஒரு பெரிய சாடியை எடுத்துவந்தார். பூவேலை எதுவும் இல்லை, வெறும் வெள்ளை. அதன் தோளில் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு இறங்கியது. இந்தச் சூளையில் இப்படி ஒன்று அமைந்ததில்லை என்றார் அவர். நல்ல வயதில்கூடத் தனக்கு இது கைகூடவில்லை என்பது கிஹெய்க்குத் தெரிந்தது. திருப்பிப் பார்த்தார். மெருகுக்கு அடியில், நீலத்தில், ஷிஸுனோ என்றிருந்தது. சுட்டபின் அந்த நீலத்தைச் சுரண்டி எடுக்க முடியாது. தெரிந்துதான் எழுதியிருக்கிறாள்.

"யாரு பேரும்மா இது?"

"செஞ்சவ பேருப்பா."

"இந்த வீட்டுல செய்யறது கிஹெய்."

"அப்ப அந்தக் கிஹெய்ய வனையச் சொல்லுங்க. இதோ, பக்கத்துலதானே நிக்கிறான் அண்ணன்."

யசுஹிகோ தரையைப் பார்த்தான். பழுதான பாண்டங்களை உடைக்கும் சுத்தியல் சுவரோரம் கிடந்தது. கிஹெய் கேட்டும் இவானாகா எடுத்துத் தரவில்லை. அவரே போய் எடுத்தார். சாடியின் மேல் ஒரே அடிதான்.

ஷிஸுனோ அழவில்லை. மறுநாளும் சக்கரத்தில் உட்கார்ந்தாள். முடித்த கிண்ணங்களைத் தகப்பன் முன் கவிழ்த்து வைத்தாள். அடிகள் வெறுமையாக இருந்தன. பக்கத்தில் தூரிகையையும் நீலத்தையும் வைத்தாள்.

"வனையறது வரைக்கும்தான் என் வேலை. பேர நீங்களே எழுதிக்கோங்க."

எழுதிப் பார்த்தார். கோழி கிளறியதுபோல் வந்தது.

அந்த மாதம் சூளைக்காரர்கள் கூடிய விருந்தில், பக்கத்துச் சூளைக்காரர் கிஹெய்யின் கோப்பையில் சாகே ஊற்றியபடி ஆறுதல் சொன்னார். சாடியின் அடியில் விரிசலாமே, யாராயிருந்தாலும் உடைத்துத்தான் இருப்பார்கள் என்றார். மிசொகுச்சி நல்லெண்ணத்தில் கட்டிவிட்ட கதை அது. இப்போது எதிரே உட்கார்ந்து, தலையாட்டிவிடுங்கள் என்பதுபோல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். யசுஹிகோவும் பார்த்தான்.

கிஹெய் முதுகை நிமிர்த்திக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"விரிசல் இல்ல," என்றார். "மயிரிழைகூட இல்ல."