மேரி விட்ட சந்து

பாக்கியமேரிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனாலும் மகள் நிஷா பயிற்சித் தேர்வு எழுதிக்கொண்டு வரும் தாளைத் தினமும் வாங்கிப் பார்த்தாள். தாள் முழுக்க வட்டங்கள். ஒரு கேள்விக்கு நான்கு வட்டம், அதில் ஒன்றைக் கறுப்பாக்க வேண்டும். ஏதாவது ஒரு வரிசை வெள்ளையாகக் கிடந்தால் மேரிக்கு உடம்பு கூசும்.

"இன்னாடி இது, இங்க சந்து வுட்டு வெச்சிக்கீற?"

"அது தெரியலம்மா. எட்டாவது பாடம் அது."

"தெரியலன்னா காலியா வுட்டுட்டு வந்துருவியா? பாக்கறவன் இன்னா நெனப்பான்? ஒக்காந்து ரொப்பு."

சொல்லிவிட்டு முதுகில் ஒன்று வைப்பாள். நிஷா அழாமல் பேனாவை எடுத்து மிச்ச வட்டங்களை நிரப்புவாள்.

நடவில் நாற்று விழாமல் விட்டுப்போன இடத்துக்குச் சந்து என்று பேர். மானாம்பதிப் பக்கம் மேரி செட்டு நட்ட கழனியில் சந்து இருக்காது என்பார்கள். செட்டில் எவளாவது சந்து விட்டால் மேரி அவளை வரப்பேற விடமாட்டாள். இடுப்பு முறிந்தாலும் சரி, இறங்கி நட்டுவிட்டுத்தான் தண்ணீர் குடிக்க வேண்டும். சோறு போடுவது அந்தப் பேர்தான். மகளுக்குக் கொடுக்க அவளிடம் இருந்த ஒரே பாடமும் அதுதான்.

நிஷா ஊர்ப் பள்ளியில் ஐந்தாவது படித்தாள். பெரியப்பா மகன் தூக்கிப்போட்ட எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை அவளாகவே பாதிக்கு மேல் போட்டு முடித்திருந்ததைத் தேவகி டீச்சர் கண்டுபிடித்தார். சென்னையில் ஒரு டிரஸ்ட், ஐந்தாவது பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புக் கேள்வி கொடுத்துத் தேர்வு வைக்கிறது. அதில் தேறினால் பன்னிரண்டாவது வரை அங்கேயே தங்கிப் படிக்கலாம். தேறாவிட்டால் என்ன ஆகும் என்று மேரிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முதலில் லீவு நாளில் கட்டிவைத்த நாற்று முடி தூக்கிக் கொடுக்க வருவாள். அப்புறம் லீவு இல்லாத நாளிலும் வருவாள். மேரி அப்படித்தான் வந்தாள்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தேவகி டீச்சர் ஸ்கூட்டியை வீட்டு வாசலில் நிறுத்தினார். முகம் சரியில்லை.

"மேரி, இவ மார்க் இறங்கிட்டே போகுது. ஏன்னு எனக்குப் புரியவே இல்ல. நேத்துதான் பிடிச்சேன். தெரியாத கேள்விக்கும் குருட்டாம்போக்குல போடறா. தப்புக்கு மார்க் வெட்டுவாங்க. போட்ட நல்ல மார்க்கும் போயிடுது."

"எல்லாத்தையும் எழுதறது நல்லதுதான டீச்சர்?"

"இதுல எல்லாம் தெரியணும்னு யாரும் எதிர்பார்க்கல. பாதி தெரிஞ்சாலே பெரிய விஷயம். தெரியாதத விட்டுடணும். நான் சொன்னா கேக்கல. விட்டா அம்மா அடிக்கும்ங்கறா."

பிள்ளை தேறக்கூடாது என்றே மேரி அவளை அடித்ததுபோல் ஆகிவிட்டது.

அன்று சாயங்காலமே மகளைக் கூப்பிட்டுச் சொன்னாள். "தெரியாதத வுட்டுடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." நிஷா தலையாட்டினாள். மறுநாள் வந்த தாளில் ஒரு வெள்ளை வரிசைகூட இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

"சொன்னது காதுல ஏறலயாடி?"

"நீ சும்மா சொல்ற. காலியா கீற தாளப் பாத்தா ஒன் மூஞ்சி மாறுது."

"எங்க மாறுது?"

"தோ, இப்பகூட."

செங்கல் லாரிக்கு லோடு ஏற்றப் போய்விட்டு வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்த அவள் புருஷன் பெஞ்சமின் சிரித்தான். "அவ சொல்றது கரெக்டு. நீ ஒரு நாளு கழனில சந்து வுட்டுக் காட்டு மேரி. அப்ப நம்புவா. ஒனக்குத்தான் உசுரு பூடுமே."

அவன் கிண்டலுக்குத்தான் சொன்னான். மேரி அதன் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. அடுப்பை ஊதினாள், எழுந்தாள், உட்கார்ந்தாள், ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவினாள்.

சனிக்கிழமை சடையப்பன் கழனியில் நவரைப் பட்டத்து நடவு. பஸ் ரோட்டை ஒட்டிய கழனி. மேரி நிஷாவையும் அழைத்துப்போய் வரப்பில் நிற்க வைத்தாள். வெயில் சாயும் நேரம் கடைசிப் பாத்தி முடிந்துகொண்டிருந்தது. வரப்போரம் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் இருக்கையில் மேரி கையிலிருந்த நாற்றைப் போட்டுவிட்டுக் கரையேறினாள்.

பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த சிட்டம்மாள் நிமிர்ந்தாள். "இன்னாக்கா, கால்ல முள்ளு குத்திச்சா?"

"இல்ல. அவ்ளோதான். எல்லாரும் ஏறுங்க."

"தோ, இங்க மொட்டையா கீதே."

"இருக்கட்டும்."

"எனக்கு ஒரு முடி குடு, ரெண்டு நிமிசத்துல—"

"சிட்டம்மா, தொட்ட, நாளையிலேந்து எஞ்செட்டுல கெடையாது."

ரோட்டில் பைக்கை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்த சடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "இன்னா மேரி, கண்ணு பூட்சா? ரோட்ல போறவன்லாம் பாத்துச் சிரிக்கவா?"

"நாளைக்கு சாயங்காலம் வந்து நட்டுடறேங்க."

"இன்னிக்கி நட்டா கை உளுந்துருமா? இன்னா, ஒங்க சாமிக்கு எதனா வேண்டுதலா?"

"ஆமான்னு வெச்சிக்கோங்க."

"பேஜாரு புடிச்ச வேண்டுதலாட்டம் கீது." முணுமுணுத்துக்கொண்டே போனார்.

நிஷா வரப்பில் குத்தவைத்து அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை தானாக நாற்று முடிக்கு நீண்டது. மேரி மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வுடு. ஒண்ணும் ஆவாது. நான் வுட்டுட்டு வூட்டுக்கு வரல? அப்பிடித்தான்."

நிஷா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மேரி முகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அன்று இரவு முழுவதும் அந்தப் பாய் அகலச் சேறு அவள் வயிற்றுக்குள்ளேயே கிடந்தது.

ஞாயிறு காலை சர்ச்சுக்குக் கட்டும் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு மகளோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். தேர்வு காஞ்சிபுரத்தில். கழனியைத் தாண்டும்போது நிஷா நின்றாள்.

"ம்மா. சந்து இல்ல."

இல்லைதான். ஒரே பச்சை. சிட்டம்மாளின் நடவு என்று பார்த்ததும் தெரிந்தது, அவள் எப்போதும் நாற்றைக் கொஞ்சம் நெருக்கித்தான் வைப்பாள். மேரி செட்டின் பேர் கெடக்கூடாது என்று இருட்டும் முன் வந்து நட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

"நீயே வந்து நட்டுட்ட," என்றாள் நிஷா.

"நான் நடலடி. சத்தியமா. அந்த சிட்டம்மாதான்."

"பொய்யி. எனக்குத் தெரியும் நீ வுடமாட்டன்னு."

தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. இதைத் தவறவிட்டால் அடுத்தது தேர்வு மணி அடித்த பிறகுதான். மேரி மகளைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள். செருப்பை உதறிவிட்டு அந்த வெள்ளைச் சேலையோடு கழனியில் இறங்கினாள்.

நேற்று வைத்த நாற்றுக்கு வேர் பிடித்திருக்கவில்லை. இழுத்ததும் வந்தது. நட்ட பயிரை அவள் பிடுங்கியது அதுதான் முதல் தடவை. முட்டிவரை சேறு ஏற, இரண்டு கையாலும் பிடுங்கிக் கொத்துக் கொத்தாகக் கரையில் எறிந்தாள். ரோட்டில் சைக்கிளில் போன ஆள் "ஏய், ஏய், இன்னா பண்ற?" என்று கத்தினான். அவள் திரும்பவில்லை. பாய் அகலத்துக்குச் சேறு மறுபடி வாயைத் திறந்தது.

"பாத்துக்கினியா? சந்து கீதா?"

"கீது," என்றாள் நிஷா. பயந்துபோயிருந்தாள்.

"நாம திரும்பி வர்றவரைக்கும் இது இப்பிடித்தான் இருக்கும். ஓடு, பஸ்ஸு."

பிடுங்கிய நாற்றைப் போட்டுவிட்டுப் போக மேரிக்கு மனம் வரவில்லை. சாப்பாட்டுப் பையிலிருந்து பாலித்தீன் கவரை எடுத்து, வேரோடு வாரிப்போட்டுக்கொண்டு ஓடினாள்.

தேர்வு நடந்த பள்ளியின் வெளியே காரில் வந்திருந்தவர்கள் நிழல் பார்த்து நின்றார்கள். மேரியின் சேலை விளிம்பில் சேறு காய்ந்து பொருக்காக உதிர்ந்தது. ஒரு அம்மா இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். மேரியால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கேட்டிலிருந்து டீக்கடை, டீக்கடையிலிருந்து கேட். வாட்ச்மேன் அலுத்துப்போய், "ஒக்காரும்மா, நீ நடந்தா உள்ள மார்க் ஏறாது," என்றான். உட்கார்ந்து, மறுபடி எழுந்தாள்.

உள்ளே பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கிறதோ. ரொப்புகிறதோ. விடுகிறதோ. விட வேண்டியதை ரொப்பி, ரொப்ப வேண்டியதை விட்டுத் தொலைக்கிறதோ.

மணி அடித்ததும் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். நிஷா கடைசியில் வந்தாள். விரலெல்லாம் மை.

"வுட்டியா?"

"வுட்டேன்."

"எத்தினி?"

"எண்ணல. நெறைய." நிஷா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிறைய. நிறைய என்றால் எவ்வளவு? பாதிக்கு மேலா? அவ்வளவு விட்டால் எடுத்துக்கொள்வார்களா? அடி நாக்கு வரை வந்ததை விழுங்கினாள்.

"மாறுது பாரு, மாறுது பாரு," என்றாள் நிஷா.

"வெயிலுடி."

"டீச்சர் சொன்ன மாதிரிதாம்மா வுட்டேன். தெரிஞ்சதுல ஒண்ணுகூட வுடல."

"சரி. நல்லதுதான் பண்ண." இதைச் சொல்லி முடிப்பதற்குள் மேரிக்கு வியர்த்துவிட்டது.

உத்திரமேரூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நிஷா காலடியில் இருந்த கவரைப் பிரித்துப் பார்த்தாள். நாற்று நுனி சுருண்டு மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. தன் வாட்டர் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை வேரில் ஊற்றினாள்.

"பொழைக்குமா?"

"பொழைக்கும். இன்னிக்கே நட்டாப் பொழைக்கும்."

"நானும் எறங்கி நடட்டா? சீக்கிரம் முடிஞ்சிரும்."

"நீ வரப்புல நில்லு," என்றாள் மேரி. "கழனில கால வெச்ச, ஒடிச்சிருவேன்."