முத்தம்மா படிக்கிற எழுத்து

பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில், கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்கிற சின்னக் கம்பெனியில் வைஷ்ணவிக்கு வேலை. வாடிக்கையாளர் போனில் எந்த மொழி பேசுகிறாரோ அந்த மொழிப் பதிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவது அங்கே வழக்கம். அத்திபெலேயில் பெயிண்ட் கடை வைத்திருந்த முத்தம்மா வாயைத் திறந்தால் தமிழ்தான். பிழைப்புக்குப் புதிதாக வந்திருந்த திருப்பத்தூர்ப் பெண் வைஷ்ணவிக்கு அதைக் கேட்கவே தித்தித்தது. யோசிக்காமல் தமிழ்ப் பதிப்பை அனுப்பிவைத்தாள்.

மறுநாள் காலை முத்தம்மாவின் புதுக் கிளை திறப்பு. முந்தின மதியம் போன் வந்தது.

“கண்ணு, ஒண்ணுமே படிக்க முடியலயே. நாளைக்கு ஜனமெல்லாம் வந்து நிக்கும். பில் வரலன்னா மானம் போயிடும்மா.”

எழுத்துரு உடைந்திருக்கும் என்று நினைத்து வைஷ்ணவி மறுபடி அனுப்பினாள். மறுபடியும் அதே புகார்.

“உங்கக்காவுக்கு நீயே போய் வாசிச்சுக் காட்டிட்டு வாயேன்” என்றான் பக்கத்து நாற்காலி சீனு. கிண்டலுக்குத்தான் சொன்னான். அவளோ பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

கடையில் திரையைப் பார்த்தால் பழுதே இல்லாத தமிழ்.

“நல்லாத்தானே இருக்குக்கா? இதோ, ‘புதிய பில்’.”

“இருக்கும். எனக்கெங்க தெரியும்? நான் படிச்சது கன்னட ஸ்கூலு. தமிழு வாயோட சரி.”

“போன்லயே சொல்லியிருக்கலாம்ல?”

“நீ எங்க கேட்ட? நான் தமிழ்ல பேசுனதும் அக்கா அக்கான்னு உருகிட்ட. உன் மனச எதுக்கு நோகடிக்கணும்னு விட்டுட்டேன்.”

வைஷ்ணவிக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. பதிப்புகள் எல்லாம் இருக்கும் இணையப் பக்கத்தைத் திறந்து, கன்னடத்தை எடுக்கச் சொன்னாள். முத்தம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தாள்.

“எல்லாம் இங்கிலீசு. எல்லாம் ஒரே ஜாடை. இதுல எதும்மா நம்முது?”

உண்மைதான். எல்லா வரிகளும் ஒன்றுபோலத் தொடங்கி, கடைசியில் ஒரு குறியீட்டில் மட்டும் மாறின. அந்தக் குறியீடு கம்பெனிக்காரர்களுக்குத்தான் விளங்கும். வைஷ்ணவி சீனுவைப் போனில் கூப்பிட்டாள்.

“அந்தப் பக்கத்துல பதிப்புப் பேரெல்லாம் மாத்துடா. அந்தந்த மொழி எழுத்துலயே போடு. கீழயே, ‘இதைப் படிக்க முடிஞ்சா இது உங்களுக்கு’ன்னு அதே எழுத்துல ஒரு வரி.”

“கன்னடத்துக்கு நான் எங்க போறது?”

“அக்கா இருக்காங்க. நீ மத்தத பாரு.”

முத்தம்மா ஒரு வண்ண அட்டையின் பின்புறத்தில் எழுதினாள். பிடிக்காமல் அடித்துவிட்டு, பேச்சு வழக்கில் திருத்தி எழுதினாள். படம் பிடித்து அனுப்பியாயிற்று. பக்கம் மாறி வந்ததும் வைஷ்ணவி வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டாள். முத்தம்மாவின் விரல் திரையில் இறங்கி, நடுவரியில் நின்றது.

“ஏய், இது நான் எழுதுனது!”

யார் உதவியும் இல்லாமல் அழுத்தினாள். நிறுவி முடித்ததும் சோதனைக்கு ஒரு பில்லை அடித்து நீட்டினாள். வைஷ்ணவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“வாங்குனவர் பேருல என்னக்கா போட்டிருக்கீங்க? எனக்குக் கன்னடம் படிக்க வராதே.”

“உன் பேருதான் கண்ணு” என்றாள் முத்தம்மா. “உக்காரு, காபி சொல்றேன்.”